திரை மறைத்ததும் கணக்கில் வராததும்: அமெரிக்க சிம்பொனி இசைக்குழுத் தேர்வுகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1969-ல் நியூயார்க் நகர மனித உரிமை ஆணையத்திடம் இரண்டு கறுப்பின இசைக்கலைஞர்கள் புகார் கொடுத்தார்கள். ஆர்தர் டேவிஸ் டபுள் பாஸ் வாசிப்பவர். ஏர்ல் மேடிசன் செல்லோ வாசிப்பவர். எதிர்த்தரப்பு நியூயார்க் ஃபில்ஹார்மோனிக். நூறு பேருக்கு மேல் கொண்ட அந்த இசைக்குழுவில் அப்போது ஒரே ஒரு கறுப்பினக் கலைஞர்தான் இருந்தார்: 1962-ல் சேர்ந்த வயலின் கலைஞர் சான்ஃபோர்ட் ஆலன். தங்களுக்கு இடம் மறுக்கப்பட்டதற்குக் காரணம் நிறம்தான் என்பது புகார்தாரர்களின் வாதம்.

மறு ஆண்டு வந்த தீர்ப்பு இருவருக்கும் பாதி ஏமாற்றம். நிரந்தரப் பணியிடம் தொடர்பாக அவர்கள் சொன்ன குற்றச்சாட்டை ஆணையம் ஏற்கவில்லை. ஆனால் மாற்றுக் கலைஞர்களையும் கூடுதல் கலைஞர்களையும் அழைக்கும் முறையில் பாகுபாடு இருக்கிறது என்று கண்டது. ஒருவர் விடுப்பில் போனாலோ, பெரிய படைப்புக்கு ஆள் போதவில்லை என்றாலோ யாரைக் கூப்பிடுவது? இதற்கு விளம்பரம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது. தெரிந்தவருக்கு ஒரு ஃபோன். உறுப்பினர்கள் பலர் இசைப்பள்ளிகளில் பாடமும் நடத்தினார்கள். அவர்களுடைய மாணவர்களின் பெயர்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். அப்படி ஒரு பருவம் முழுக்க வந்து வாசித்துப் பழகியவர், நிரந்தர இடத்துக்கான தேர்வு வரும்போது முகம் தெரிந்தவராகிவிடுகிறார்.

கலை வாய்ப்புகளுக்கு யார் விண்ணப்பிக்கிறார்கள், யார் எந்தக் கட்டத்தில் கழிக்கப்படுகிறார்கள் என்று கண்காணிக்கும் வேலையில் இருக்கும் எவரும் இந்த வழக்கை ஒரு முறையாவது படிக்க வேண்டும் என்பேன். திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்துத் தேர்வு செய்யும் முறையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உதவித்தொகை, ஃபெலோஷிப், உறைவிடப் பயிற்சி என்று எதை நடத்துபவரும் ‘நாங்கள் பெயரை மறைத்துவிட்டோம்’ என்று பெருமையாகச் சொல்வதை இப்போது அடிக்கடி கேட்கலாம். இசைக்குழுக்களின் அனுபவம் அந்தப் பெருமையை எங்கே தாங்குகிறது, எங்கே கைவிடுகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

திரை வந்த விதம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரிய அமெரிக்க இசைக்குழுவில் இடம் கிடைப்பது பெரும்பாலும் நடத்துநரின் கையில் இருந்தது. குறிப்பிட்ட சில ஆசிரியர்களின் மாணவர்களிலிருந்து அவர் பொறுக்கி எடுப்பார். அந்த மாணவர்கள் அநேகமாக எல்லோரும் ஆண்கள். பாஸ்டன் சிம்பொனி 1952-லேயே திரை போட்டுப் பார்த்தது. மற்றவை 1970-களிலும் 80-களிலும்தான் வந்து சேர்ந்தன. வெளிப்படையான விளம்பரம், உறுப்பினர்கள் அடங்கிய தேர்வுக் குழு, திரை மூன்றும் ஏறத்தாழ ஒரே காலகட்டத்தில் வந்தன. எந்த மாற்றம் எதனால் நடந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் பின்னால் எல்லோரும் திணறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

திரை என்றால் ஏதோ ஒரு துணியைத் தொங்கவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். வாசிப்பவருக்குப் பெயர் இல்லை, எண் மட்டும். அவர் வாய் திறக்கக் கூடாது. கேட்க வேண்டியதை உடன் நிற்கும் ஊழியரிடம் சொன்னால் அவர்தான் குழுவிடம் கேட்பார். மேடை நடுவரை கம்பளம் விரிப்பார்கள், ஏனென்றால் மரத்தரையில் குதிகால் செருப்பு டக் டக் என்று சத்தம் போட்டால் திரையைப் போட்டும் பயனில்லை. சில இடங்களில் வந்தவர் பெண் என்றால் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, கூடவே நடந்து வரும் மேலாளர் தன் காலணிச் சத்தத்தை அவருக்குப் பதிலாக எழுப்புவாராம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் எத்தனை வழியில் ஒருவரின் அடையாளம் கசியும் என்பதை இவ்வளவு நுணுக்கமாக யோசித்த வேறு கலைத்துறையை நான் அறியேன். பெயரை மட்டும் அழித்துவிட்டு, படித்த கல்லூரி, வாங்கிய பரிசு, பரிந்துரைத்த ஆசிரியர் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவைக்கும் விண்ணப்பப் படிவங்கள் இந்தக் கம்பளத்தை நினைத்துக்கொள்வது நல்லது.

எண்கள் சொன்ன கதை

1970 வாக்கில் முதல் ஐந்து இசைக்குழுக்களில் (பாஸ்டன், சிகாகோ, கிளீவ்லாந்து, நியூயார்க், பிலடெல்பியா) பெண்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அது பல மடங்கு கூடியது. திரைதான் காரணமா என்று பார்க்க, பொருளாதார அறிஞர்கள் கிளாடியா கோல்டினும் சிசீலியா ரௌஸும் பழைய தேர்வுப் பதிவேடுகளைத் தேடிப் போனார்கள். 2000-ல் வெளியான அவர்களின் ஆய்வு எட்டு இசைக்குழுக்களின் பதிவேடுகளை எடுத்துக்கொண்டது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து 1995 வரை ஏழாயிரம் சொச்சம் பேர், ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தேர்வுச் சுற்றுகள்.

அவர்கள் கண்டது: சில முதற்கட்டச் சுற்றுகளில் திரை இருந்தால் ஒரு பெண் அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகரிக்கிறது; இறுதிச் சுற்றில் தேர்வாகும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. ஊர் உலகமெல்லாம் மேற்கோள் காட்டும் பகுதி இது. அரையிறுதிச் சுற்றில் விளைவு எதிர்த்திசையில் போனதையும், சில மதிப்பீடுகளின் பிழை வீச்சு பெரிது என்பதையும் அதே கட்டுரை ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. அதை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு. 2019-ல் புள்ளியியல் அறிஞர் ஆண்ட்ரூ கெல்மன் உள்ளிட்ட சிலர் அந்த அட்டவணைகளை மறுபடி பிரித்துப் பார்த்து, இவ்வளவு பெரிய முடிவுக்கு இந்தச் சான்று போதாது என்றார்கள். எனக்கும் அந்த விமர்சனத்தில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. பாகுபாடு இல்லை என்று அதற்குப் பொருள் அல்ல. ஆனால் ‘50 சதவீதம்’ என்பதைச் சுவரில் எழுதி ஒட்டும் அளவுக்கு அந்த எண் உறுதியானதல்ல.

கண்காணிப்பு வேலைக்கு உண்மையில் உதவும் பாடம் அந்த ஆய்வின் உள்ளே வேறோர் இடத்தில் கிடக்கிறது. எந்தத் திருத்தமும் செய்யாத வெறும் சராசரியை மட்டும் பார்த்தால், திரை இருந்த தேர்வுகளில் பெண்களின் தேர்ச்சி விகிதம் திரை இல்லாத தேர்வுகளைவிடத் தாழ்ந்தே இருந்தது! ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம்: திரை இருக்கிறது என்று தெரிந்ததும் முன்பு வராதவர்களும் வந்தார்கள். திரை இல்லாத காலத்தில் ஒரு பெண் துணிந்து வந்தார் என்றால் அவர் பெரும்பாலும் மிகச் சிறந்தவராகத்தான் இருப்பார். இப்போது சுமாராக வாசிப்பவரும் வருகிறார், ஆண்களில் எப்போதுமே அப்படிப்பட்டவர்கள் வந்ததைப் போல. ஆகவே ஒரே நபர் திரையோடும் திரையில்லாமலும் வாசித்த பதிவுகளை எடுத்து ஒப்பிட்டபோதுதான் படம் மாறியது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் ஆண்டில் 100 ஆண்கள், 20 பெண்கள் விண்ணப்பிக்கிறார்கள். முதல் சுற்றைத் தாண்டுபவர்கள் 20 ஆண்கள், 4 பெண்கள். இருபாலருக்கும் 20 சதவீதம். அடுத்த ஆண்டு அழைப்பை நாலு புதிய இடங்களில் பரப்புகிறோம். 100 ஆண்கள், 60 பெண்கள் வருகிறார்கள். தாண்டுபவர்கள் 20 ஆண்கள், 9 பெண்கள். பெண்களின் விகிதம் 15 சதவீதமாக இறங்கிவிட்டது. விகிதத்தை மட்டும் பார்க்கும் அறக்கட்டளைக் குழு ‘பாகுபாடு கூடிவிட்டது’ என்று கையைப் பிசையும். தலைகளை மட்டும் எண்ணும் குழு ‘இரு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது’ என்று விழா எடுக்கும். இரண்டுமே அவசரம். வந்தவர்கள் மாறியிருக்கிறார்களா, பார்ப்பவர்கள் மாறியிருக்கிறார்களா என்று பிரித்துப் பார்க்காத வரையில் இரு குழுவும் இருட்டில்தான் நிற்கின்றன. பிரிக்க வழி உண்டா என்றால், ஓரளவுக்கு உண்டு: முந்தைய ஆண்டும் விண்ணப்பித்தவர்களைத் தனியாக எடுத்துப் பார்க்கலாம், அழைப்பு எந்த வழியாகத் தெரியவந்தது என்று ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்த்து அதன்படி பிரிக்கலாம். இது ஒன்றும் பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல, செய்பவர்கள்தான் அரிது.

பெயரிலிருந்து எடுக்க முடிந்ததும் முடியாததும்

இன்னொன்றைக் கவனியுங்கள். 1969-ல் புகார் எழுந்தது இனத்தைப் பற்றி. மேற்கோள் காட்டப்படும் ஆய்வு பேசுவதோ பாலினத்தைப் பற்றி. எப்படி இந்த மாற்றம்?

பதிவேடுகளில் பெயர் மட்டுமே இருந்தது. யாரும் எந்தப் படிவத்தையும் நிரப்பித் தரவில்லை. மேரி என்றால் பெண், ஜான் என்றால் ஆண் என்று பெயரை வைத்து ஆய்வாளர்கள் பாலினத்தைக் குறித்துக்கொண்டார்கள். அமெரிக்கப் பெயரை வைத்து ஒருவர் கறுப்பினத்தவரா இல்லையா என்று அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆக, எது எளிதில் தெரிந்ததோ அது அளக்கப்பட்டது. முதலில் எந்தக் கேள்விக்காக நீதி கேட்டார்களோ அதற்கு அந்தப் பதிவேடுகளில் தடயமே இல்லை. கேட்காமல் விட்ட தகவலை முப்பது ஆண்டு கழித்து எந்தக் கெட்டிக்காரராலும் தோண்டி எடுக்க முடியாது.

2016-ல் அமெரிக்க இசைக்குழுக்களின் லீக் வெளியிட்ட அறிக்கை, 2014 நிலவரப்படி இசைக்குழுக் கலைஞர்களில் கறுப்பினத்தவர் 1.8 சதவீதம், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 2.5 சதவீதம் என்றது. பெண்கள் பாதியை நெருங்கியிருந்தார்கள். வெள்ளையர் அல்லாதோரின் மொத்தப் பங்கு 1980-லிருந்து கூடியிருந்தாலும் அதில் பெரும்பகுதி ஆசிய வம்சாவளியினரின் வரவு. எல்லோரையும் ஒரே பெட்டியில் போட்டுக் கூட்டினால் வளர்ச்சி தெரியும். பிரித்தால் ஒரு குழு அசையாமல் நிற்பது தெரியும். ‘சிறுபான்மையினர்’ என்ற ஒற்றைக் கட்டத்தோடு அச்சடிக்கப்படும் படிவங்களின் கோளாறும் இதேதான்.

நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கில் 2020 வாக்கில் 106 முழுநேரக் கலைஞர்களில் கறுப்பினத்தவர் ஒருவர்: முதன்மை கிளாரினெட் கலைஞர் ஆந்தனி மெகில். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னும் ஒருவர், அப்போதும் ஒருவர். அந்த ஆண்டு ஜூலையில் நியூயார்க் டைம்ஸின் இசை விமர்சகர் ஆந்தனி டொமாசினி, திரையையே எடுத்துவிட வேண்டும் என்று எழுதினார். பெரும் சர்ச்சை கிளம்பியது. திரை இல்லாவிட்டால் பழைய வேண்டியவர் கூட்டம் திரும்பி வரும் என்றார்கள் ஒரு தரப்பினர். திரை இருந்தும் எதுவும் மாறவில்லையே என்றார்கள் மறுதரப்பினர்.

இரு தரப்பும் திரையின் மேல் தகுதிக்கு மீறிய பாரத்தை ஏற்றுகிறார்கள் என்பது என் கருத்து. திரையால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று: அந்த அறைக்கு வந்து சேர்ந்தவரை நியாயமாகக் கேட்க வைப்பது. அறைக்கு வருவதற்கு முன்னால் என்ன நடந்தது? நல்ல ஆசிரியர் கிடைத்தாரா, வாத்தியம் வாங்க முடிந்ததா, நாலைந்து ஊர்களுக்குத் தேர்வுக்காகப் பறந்து போய் விடுதியில் தங்கக் காசு இருந்ததா? செல்லோ வாசிப்பவர் வாத்தியத்துக்கும் சேர்த்து விமானத்தில் இன்னோர் இருக்கை வாங்க வேண்டியிருக்கும். இசைக்குழுவோ பயணப்படி தருவதில்லை, பெரும்பாலும். 2018-ல் ஸ்ஃபிங்ஸ் அமைப்பு, நியூ வேர்ல்ட் சிம்பொனி, இசைக்குழுக்களின் லீக் மூன்றும் சேர்ந்து தேர்வுக்குத் தயாராகும் கறுப்பின, லத்தீன் கலைஞர்களுக்குப் பயிற்சியும் பயணச் செலவுக்குப் பணமும் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது இந்த இடைவெளியைக் கண்டுதான். திரைக்கு முந்தைய படியைத் தொட்ட முயற்சி என்பதால் எனக்கு இதன்மீது அதிக நம்பிக்கை உண்டு.

படிவம்: யார் பார்க்கலாம்?

தேர்வுக் குழுவிடமிருந்து மறைக்க வேண்டும், ஆனால் எங்கோ எண்ணியும் ஆக வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துச் செய்வது எப்படி என்பதில் பிரிட்டனின் நடைமுறை கொஞ்சம் முன்னே போயிருக்கிறது. அங்கே 2010-ன் சமத்துவச் சட்டம் ஒன்பது பண்புகளுக்குப் பாதுகாப்பு தருகிறது: வயது, மாற்றுத்திறன், பாலின மாற்றம், திருமணம் அல்லது சிவில் இணையுறவு, கர்ப்பமும் மகப்பேறும், இனம், மதம் அல்லது நம்பிக்கை, பாலினம், பாலின ஈர்ப்பு. அரசு அமைப்புகளுக்குச் சம வாய்ப்பை வளர்க்கும் கடமையும் உண்டு. அதனால் கலை வாய்ப்புகளுக்கான விண்ணப்பத்தோடு தனி இணைப்பாக ஒரு கண்காணிப்புப் படிவம் வருவது அங்கே வழக்கமாகிவிட்டது. விண்ணப்பம் தேர்வாளர்களிடம் போகும். படிவம் வேறு கைக்குப் போகும். எந்தக் கேள்விக்கும் ‘சொல்ல விரும்பவில்லை’ என்று பதில் தரலாம்.

வர்க்கம் அந்த ஒன்பதில் இல்லை. ஆனாலும் பல கலை அமைப்புகள் அதையும் கேட்கின்றன. நேரடியாக ‘நீங்கள் ஏழையா’ என்று கேட்டால் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்ல மாட்டார்கள். ஆகவே கேள்வி இப்படி வரும்: உங்களுக்குப் பதினான்கு வயது இருக்கும்போது வீட்டில் அதிகம் சம்பாதித்தவர் என்ன வேலை பார்த்தார்? நான் பார்த்த கண்காணிப்புக் கேள்விகளில் மிகச் சிறந்தது இதுதான். கலைஞர் இன்று கஷ்டப்படுகிறாரா என்பது அவர் வளர்ந்த வீட்டைப் பற்றி எதையும் சொல்லாது. பணக்கார வீட்டுப் பிள்ளையும் இருபத்தைந்து வயதில் கையில் காசில்லாமல் ஓவியம் தீட்டிக்கொண்டிருக்கலாம். அவருக்கு விழுந்தால் தாங்க ஒரு வீடு இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. அந்த வித்தியாசத்தை இந்தக் கேள்வி பிடிக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகு வரும் சிக்கல் எண்ணிக்கையின் சிறுமை. ஒரு காலியிடம், ஒரு வெற்றியாளர். மூன்று பேருக்கு ஃபெலோஷிப் என்றால் அதில் எந்தச் சதவீதத்தை எடுத்தாலும் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஏழாயிரம் பேரைக் கொண்ட கோல்டின், ரௌஸ் ஆய்வே தடுமாறியது என்றால், நாற்பது விண்ணப்பம் வாங்கும் ஒரு சிறிய நாடகக் குழு ஓர் ஆண்டு முடிவை வைத்து என்ன சொல்லிவிட முடியும்? ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஐந்தாண்டும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புது மேலாளர் வந்து படிவத்தை ‘மேம்படுத்தினால்’ ஒப்பிட எதுவும் மிஞ்சாது. வெளியிடும்போதும் மிகச் சிறிய எண்ணிக்கைகளை மறைத்தாக வேண்டும். ஒரு கட்டத்தில் ‘1’ என்று அச்சடித்தால் அது யார் என்று ஊரே கண்டுபிடித்துவிடும். உடல்நலம், பாலின ஈர்ப்பு போன்றவற்றை நம்பிச் சொன்னவருக்கு நாம் செய்யும் துரோகம் அது.

‘சொல்ல விரும்பவில்லை’ என்பவர்கள் கூடிக்கொண்டே போனால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம். படிவம் எங்கே போகிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை, அல்லது புரிந்தும் நம்பவில்லை. படிவத்தின் தலைப்பிலேயே யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம், சென்ற முறை கிடைத்த தகவலை வைத்து என்ன மாற்றினோம் என்று மூன்று வரி எழுதுவது நல்லது. மூன்றாவது வரியை எழுத ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்தத் தகவலை ஏன் வாங்குகிறோம் என்று நிறுவனம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும்.

தேர்வுக்குப் பிறகும்

மறுபடியும் இசைக்குழுக்களுக்கே வருகிறேன். பெரும்பாலான கண்காணிப்பு அறிக்கைகள் யாருக்கு இடம் கிடைத்தது என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. 1980-ல் மியூனிக் ஃபில்ஹார்மோனிக்கின் முதன்மை டிராம்போன் இடத்துக்கு அமெரிக்கரான ஆபி கோனன்ட் விண்ணப்பித்தார். அழைப்புக் கடிதம் அவரை ஆண் என்று எண்ணி விளித்திருந்தது. அன்றைய தேர்வு திரைக்குப் பின்னால் நடந்தது. போட்டியிட்டவர்களில் ஒருவர் இசைக்குழுவுக்குத் தெரிந்தவரின் மகன் என்பதால்தான் திரை, பெண்களுக்காக அல்ல. கோனன்ட் வாசித்தார், வென்றார். திரை விலகியது. ஓராண்டுத் தகுதிகாண் காலத்துக்குப் பின் நடத்துநர் செர்ஜியு செலிபிடாக்கே காலத்தில் அவர் இரண்டாம் டிராம்போனுக்கு இறக்கப்பட்டார். பதவியையும் சம ஊதியத்தையும் மீட்க அவர் பல ஆண்டுகள் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. மியூனிக்கின் கணக்கில் அவர் ‘தேர்வான பெண்கள்: 1’ என்ற வெற்றி எண்ணிக்கையாக இருந்திருப்பார்.

அமெரிக்காவிலும் தேர்வுக்குப் பின் ஓராண்டோ அதற்கு மேலோ தகுதிகாண் காலம் உண்டு. அதில் திரை இல்லை. சக கலைஞர்களோடு ஒத்துப்போகிறாரா, ஒலி கலக்கிறதா என்று பார்க்கிறார்கள். இந்தச் சொற்களுக்குள் எதையும் ஒளித்துவைக்கலாம். அந்தக் காலத்தை யார் தாண்டினார், யார் தாண்டவில்லை என்பதையும் விண்ணப்பித்தவர்களின் வரிசையிலேயே சேர்த்து எழுதிவைத்தால்தான் கணக்கு முழுமையாகும். மாற்றுக் கலைஞர்களுக்குப் போகும் ஃபோன் அழைப்புகளையும்தான். 1970-ல் ஆணையம் தவறு கண்டது அங்கேதான். இன்றும் பல கலை அமைப்புகளில் முதல் வாய்ப்பு என்பது விண்ணப்பம் இல்லாத வாய்ப்பு: யாரோ கடைசி நேரத்தில் வரவில்லை, யாரையோ கூப்பிட்டார்கள். ஒரு பருவத்தில் யாரையெல்லாம் கூப்பிட்டோம், அவர்கள் பெயரை யார் சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவைக்க ஆகும் நேரம் ஒரு அழைப்புக்கு ஒரு நிமிடம்.

நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கில் 2022-ல் பெண்கள் 45, ஆண்கள் 44 என்று வரலாற்றில் முதல் முறையாகப் பெண்கள் முந்தினார்கள். 1966-ல் டபுள் பாஸ் கலைஞர் ஓரின் ஓ'பிரையன் அங்கே சேர்ந்தபோது முழுநேரப் பெண் கலைஞர் வேறு யாரும் இல்லை. இந்த மாற்றம் பெரியது. அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் ஆர்தர் டேவிஸ் 2007-ல் காலமாகும்வரை அவர் கேள்வி எழுப்பிய கறுப்பினக் கலைஞர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ அங்கேயே நின்றது. ஒரே நிறுவனம், ஒரே திரை, ஒரே அரை நூற்றாண்டு. இசைப்பள்ளிகளின் சேர்க்கைப் பட்டியல், தேர்வுக்குப் பெயர் கொடுத்தவர் பட்டியல், முதல் சுற்றைத் தாண்டியவர் பட்டியல், மாற்றுக் கலைஞராக அழைக்கப்பட்டவர் பட்டியல், தகுதிகாண் காலத்தைத் தாண்டியவர் பட்டியல் ஐந்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எந்தப் படியில் ஆட்கள் உதிர்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். அடுத்த காலியிடத்துக்கு அழைப்பு அனுப்பும் நாளிலிருந்து அந்தப் பட்டியல்களைத் தொடங்க எந்த இசைக்குழுவுக்கும் தடை ஏதும் இல்லை.